பேஸ்ட் இரண்டு தடவை மாற்றியும் 100 டிகிரி: கூலர் மாட்டியதில் பிழையா?

தக்கலை_ஸ்டூடியோ
வெள்ளி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். தக்கலையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தவக்காலத்தில் எங்கள் பக்கம் கோயில் கல்யாணங்கள் இருக்காது என்பதால் அந்த நேரத்தில் பழைய சிஸ்டத்தை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றை நானே அசெம்பிள் செய்தேன். கோர் ஐ5 12400, எச்610 போர்டு, 32 ஜிபி ரேம். கூலர் புராசசர் பெட்டியிலேயே வந்ததுதான்.

ஈஸ்டர் முடிந்தது, இப்போது வரிசையாகக் கல்யாணம். சும்மா வைத்திருந்தாலே புராசசர் (சிபியு) 60, 62 டிகிரி காட்டுகிறது. எக்ஸ்போர்ட் கொடுத்த மறு நொடி 100. புராசசரின் வேகம், அதாவது கிளாக், 1.7 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்துவிடுகிறது. பழைய சிஸ்டத்தில் அரை மணி நேரத்தில் முடிந்த வேலை இதில் 50 நிமிடம் இழுக்கிறது. புராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை இரண்டு தடவை மாற்றிவிட்டேன், இரண்டாவது தடவை நல்ல விலை கொடுத்து வாங்கியது. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது.

திரவம் ஓடிக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் வாங்கிவிடலாமா? திங்கட்கிழமைக்குள் இரண்டு ஆல்பம் வீடியோ கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு_77
வெள்ளி, இரவு 11.05

நம்ம ஊர் சூட்டுக்கும் ஈரக்காற்றுக்கும் பெட்டியில் வரும் கூலர் தாங்காது தம்பி. நான் போன வருடம் 240 மி.மீ. லிக்விட் போட்டேன், 65 டிகிரியைத் தாண்டவில்லை. யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

குளச்சல்_சர்வீஸ்
வெள்ளி, இரவு 11.50

தம்பி, காசைக் கையில் பிடித்துக்கொள். முதலில் ஒரு சின்னச் சோதனை.

எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, திரையில் 100 டிகிரி காட்டும்போது கூலரின் அலுமினியத்தை ஓரத்தில் விரலால் தொட்டுப் பார். ஃபேன் இறக்கையில் விரல் படாமல் பார்த்துக்கொள். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே ஓடவிட்டு மறுபடி தொடு. சூடாக இருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று மட்டும் சொல்.

கோட்டாறு அண்ணாச்சி சொன்ன ஊர்ச்சூட்டைப் பற்றி: அறையில் 5 டிகிரி கூடினால் சிபியுவிலும் ஏறக்குறைய அதே 5 டிகிரிதான் கூடும். சும்மா இருக்கும்போதே 62 காட்டுவதற்கு நம்ம ஊர் வெயில் காரணமாக இருக்க முடியாது.

தக்கலை_ஸ்டூடியோ
சனி, காலை 7.15

அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். அலுமினியம் லேசான வெதுவெதுப்புதான், சாயா ஆறிப்போன கிளாஸ் மாதிரி. ஆனால் திரையில் 100. எக்ஸ்போர்ட்டை நிறுத்தியதும் கண் இமைக்கிற நேரத்தில் 65க்கு இறங்கிவிட்டது.

குளச்சல்_சர்வீஸ்
சனி, காலை 8.30

அப்படியென்றால் உன் கூலர் நல்ல கூலர். சூடு அதற்குள் போகவே இல்லை. அது புராசசரின் மேல் சரியாக உட்காரவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்கு இந்த மாதிரி வருபவர்களில் பாதிப் பேர் பேஸ்டிலேயே நிற்கிறார்கள். காற்று போகாமல் அடைத்திருந்தாலோ ஃபேன் பலவீனமாக இருந்தாலோ வெப்பம் பையப் பைய ஏறும். பத்து நிமிடத்தில் 70, பிறகு 80, பிறகு 90. கூலரைத் தொட்டால் கை சுடும். உன்னுடையது ஒரே தாவலில் 100க்குப் போகிறது, நிறுத்தினால் ஒரே தாவலில் இறங்குகிறது, கூலரோ ஆறிக் கிடக்கிறது. நடுவில் இடைவெளி இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

செம்பு வழியாக வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகும் என்பதற்கு ஓர் எண் உண்டு, சுமார் 400. அலுமினியத்துக்கு 200க்கு மேல். அசையாமல் நிற்கும் காற்றுக்கு 0.026தான். நல்ல பேஸ்ட் என்று விற்பதெல்லாம் ஒற்றை இலக்கத்திலோ பத்தைக் கொஞ்சம் தாண்டியோதான் இருக்கும். ஆகவே பேஸ்ட் என்பது உலோகத்தை விட எத்தனையோ மடங்கு மோசமான கடத்தி. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பள்ளங்களில் காற்று நிற்காமல் நிரப்புவதற்கு மட்டும்தான் அது. இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று இறுகி, நடுவில் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பிதுங்கிப்போக வேண்டும். அந்த அழுத்தம் கூலரின் நான்கு கால்களில் இருந்துதான் வருகிறது. ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த மூலையில் பேஸ்ட் தடித்து ஒரு ஆப்பு மாதிரி நிற்கும். நீ விலை கூடிய பேஸ்ட் வாங்கியும் மாறாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: கரண்டை நிறுத்தி வயரைப் பிடுங்கு. கேபினெட்டின் வலப்பக்கத் தகட்டைக் கழற்று. போர்டுக்குப் பின்னால் புராசசர் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய சன்னல் வெட்டியிருக்கும். மொபைல் டார்ச்சை அடித்து அதன் வழியே நான்கு மூலையையும் பார். ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கால் இரண்டாகப் பிளந்து விரிந்திருக்க வேண்டும், அதன் நடுவில் கறுப்பு முள் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். கூலரை இப்போது அசைக்காதே.

முப்பந்தல்_காற்று
சனி, காலை 9.10

குளச்சல் அண்ணன் அழுத்தம் என்று சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் காற்றாலை பராமரிப்பில் இருக்கிறேன், ஆரல்வாய்மொழிப் பக்கம். டவரின் ஒரு துண்டையும் அடுத்த துண்டையும் இணைக்கும் இடத்தில் வட்டமாக போல்ட் இருக்கும். ஒரு போல்டை முழுதாக முறுக்கிவிட்டுப் பக்கத்துப் போல்டுக்குப் போகவே கூடாது. ஒன்றை முறுக்கினால் அடுத்தது நேர் எதிரில் உள்ளது. முதல் சுற்றில் பாதி முறுக்கு, அடுத்த சுற்றில்தான் முழு முறுக்கு. ஒரு பக்கம் முதலிலேயே இறுகிவிட்டால் எதிர்ப்பக்கம் விரிசல் விட்டு நிற்கும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் முகம் முகத்தோடு சேராது. கார் டயர் மாற்றும்போது நட்டைக் குறுக்காக முறுக்குவதும் இதற்குத்தான்.

என் வீட்டுச் சிஸ்டத்தில் ஸ்குரு போட்ட டவர் கூலர், கோபுரம் மாதிரி உயரமானது. அதையும் அப்படியேதான் மாட்டினேன். நான்கு ஸ்குருவும் இரண்டு மரை பிடித்த பிறகு, மேல் இடது இரண்டு சுற்று, கீழ் வலது இரண்டு சுற்று, மேல் வலது, கீழ் இடது, இப்படியே போய்க் கடைசியில் ஸ்குரு தானாக நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். அதில் ஸ்பிரிங் இருக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். நின்ற பிறகும் பலம் கொடுத்து முறுக்கினால் போர்டு வளையும், மரை போகும்.

தக்கலை_ஸ்டூடியோ
சனி, காலை 10.25

பார்த்தேன். மூன்று மூலையில் குளச்சல் அண்ணன் சொன்னபடி இருக்கிறது. ரேம் பக்கத்து மேல் மூலையில் வெள்ளைக் கால் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, விரியவில்லை, கறுப்பு முள் தெரியவே இல்லை! மாட்டும்போது நான்கிலும் 'டக்' என்று சத்தம் கேட்டது அண்ணா, நல்ல நினைவு இருக்கிறது.

குளச்சல்_சர்வீஸ்
சனி, காலை 10.40

சத்தம் மேலே கறுப்பு முள் வெள்ளைக் காலுக்குள் இறங்கும்போதும் வரும். கால் போர்டைத் தாண்டிவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. மாட்டும்போது போர்டை எங்கே வைத்திருந்தாய்?

தக்கலை_ஸ்டூடியோ
சனி, காலை 10.48

எடிட்டிங் மேசை மேல். மர மேசை. போர்டு வந்த கவரை விரித்து அதன் மேல் போர்டை வைத்துத்தான் அழுத்தினேன்.

திங்கள்சந்தை_லேப்
சனி, காலை 11.30

அங்கேதான் தவறு நடந்திருக்கிறது தம்பி. நான் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் புஷ்பின் கூலரை, அதாவது பிளாஸ்டிக் பின்னை அழுத்தி மாட்டுகிற கூலரை, பிள்ளைகளுக்கு மாட்டிக் காட்டும்போது ஒவ்வொரு வருடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கால் போர்டுக்குக் கீழே சில மில்லிமீட்டர் வெளியே வந்தால்தான் விரியும். போர்டு மேசையில் ஒட்டிக் கிடந்தால் கால் மேசையில் முட்டி நிற்கும். மேலே அழுத்துகிறவருக்குக் கை நிறைய அழுத்தியது போல இருக்கும், சத்தமும் வரும்.

நான் செய்கிற விதம் இது. ஒரே உயரமுள்ள இரண்டு தடித்த புத்தகத்தை எடுத்து, போர்டின் இரண்டு ஓரமும் அவற்றின் மேல் இருக்கும்படி வைப்பேன். சாக்கெட்டுக்கு, அதாவது புராசசர் உட்காரும் இடத்துக்கு, கீழே வெற்றிடமாக இருக்கும். அழுத்தும்போது போர்டு தொய்யாமல் இருக்கப் புத்தகங்களை சாக்கெட்டுக்குக் கிட்டேயே நகர்த்திக்கொள்வேன். கேபினெட்டில் போர்டைத் தாங்கும் சின்னக் கால்களான ஸ்டான்ட்ஆஃப் மேல் பூட்டிய பிறகு மாட்டினாலும் சரி, அப்போது கேபினெட்டைப் படுக்க வைக்க வேண்டும். நிற்கிற கேபினெட்டில் பக்கவாட்டில் அழுத்தினால் கூலரின் எடையே ஒரு பக்கம் இழுக்கும்.

பின்னின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது கழற்றுகிற திசை. பலர் அதை மாட்டுகிற திசை என்று எண்ணித் திருப்பி வைத்துவிட்டு அழுத்துகிறார்கள். அப்போது முள் பிடிக்காது. நான்கு தலையையும் அம்புக்கு எதிர்ப்பக்கமாக முடிகிற வரை திருப்பிவிட்டு, கறுப்பு முள்ளை மேலே இழுத்து வைத்துக்கொள். அப்புறம் வெள்ளைக் கால்கள் நான்கும் நான்கு துளையிலும் நேராக இறங்கி உட்கார்ந்துவிட்டனவா என்று குனிந்து பார். பார்த்த பிறகே அழுத்து. இரண்டு கட்டைவிரலால், எதிர் எதிர் மூலைகளை ஒரே நேரத்தில். அடுத்து மற்ற இரண்டு.

கழற்றும்போது ஃபேன் வயரை முதலில் பிடுங்க மறக்காதே. திரும்ப மாட்டும்போது அது சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நான்கு முள் இடத்துக்கே போக வேண்டும்.

குளச்சல்_சர்வீஸ்
சனி, காலை 11.45

அக்கா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றிரண்டுதான் இருக்கிறது. தூக்கியதும் பேஸ்டைத் துடைக்காதே, முதலில் ஒரு படம் எடு. பேஸ்டின் தடம் எல்லாக் கதையையும் சொல்லிவிடும். அப்புறம் ஐபிஏ என்று கேட்டால் மொபைல் சர்வீஸ் கடைகளில் ஆல்கஹால் கிடைக்கும், அதை நூல் உதிராத துணியில் நனைத்து இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடை. பழையதன் மேல் புதியதைப் பூசாதே. புராசசரின் மேல்தகடு நீளவாக்கில் இருப்பதால் நடுவில் ஒரு கோடு மாதிரி வைத்தால் போதும், மொத்தம் ஒரு சிறுபயறு அளவு. விரலால் தேய்த்துப் பரப்ப வேண்டாம். அழுத்தமே பரப்பிவிடும்.

அந்த வெள்ளைக் கால் வெடித்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். வளைந்திருந்தால் நேராக்கலாம். வெடித்திருந்தால் அந்தக் கூலரை மறந்துவிட வேண்டியதுதான்.

மார்த்தாண்டம்_மழை
சனி, மதியம் 1.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கழற்றுவது பற்றிப் பேசுவதால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

என்னுடையது ரைசன் 5 5600ஜி, ஏஎம்4 சாக்கெட். இதில் முட்கள் புராசசரின் அடியில் இருக்கும், சாக்கெட்டில் இருக்காது. இரண்டு வருடம் ஓடிய பிறகு தூசி தட்டுவதற்காகக் கூலரின் நான்கு ஸ்குருவையும் கழற்றிவிட்டு நேராக மேலே தூக்கினேன். பேஸ்ட் காய்ந்து பசையாகி இருந்தது. லாக் லீவர் போட்டபடியே இருந்தும் புராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் 6 முள் சாய்ந்துவிட்டது. கை நடுங்கியது. லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் முனையை ஒவ்வொரு முள்ளிலும் செருகி ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக நிமிர்த்தினேன். வரிசை நேராகிவிட்டதா என்று பார்க்க ஏடிஎம் கார்டின் ஓரத்தை நடுவில் விட்டுப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். ஓடியது, இன்றும் ஓடுகிறது.

இப்போதெல்லாம் கழற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குகிறேன். நிறுத்தி, வயரைப் பிடுங்கி, ஸ்குருவைக் குறுக்காகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகுகிறேன். பிடி விட்டது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகே தூக்குவது. இன்னொன்று, ஏஎம்4 போர்டில் முன்பக்க ஸ்குருக்களைக் கழற்றியதும் போர்டுக்குப் பின்னால் ஸ்குருவைப் பிடிக்கும் பின்தகடு பிடிப்பில்லாமல் விழுந்துவிடும். ஒரு கையால் பின்னால் தாங்கிக்கொள்ள வேண்டும். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை: முட்கள் சாக்கெட்டுக்குப் போய்விட்டன, பின்தகடும் சாக்கெட்டோடு பூட்டியே இருக்கும்.

ஈத்தாமொழி_கயிறு
சனி, மாலை 4.05

எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் வீட்டை ஒட்டியே கயிறு திரிக்கும் ஷெட். தேங்காய் நார்த்தூசி ஃபேனிலும் கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின்னிலும் கம்பளி மாதிரி படிந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊதிச் சுத்தம் செய்கிறேன். இப்போது புதிதாக இன்டெல் 12வது தலைமுறை புராசசர் வாங்கப் போகிறேன். என்னிடம் பழைய 1151 சாக்கெட்டில் ஓடிய நல்ல டவர் கூலர் இருக்கிறது. அதையே இதில் மாட்டலாமா? பார்த்தால் துளைகள் ஒன்று போலத்தான் தெரிகிறது.

குளச்சல்_சர்வீஸ்
சனி, மாலை 5.30

ஒன்று போலத் தெரியும், ஆனால் இல்லை. பழைய 1151, 1200 வரைக்கும் துளைக்குத் துளை 75 மி.மீ. 2021 நவம்பரில் 12வது தலைமுறையோடு வந்த 1700 சாக்கெட்டில் அது 78 மி.மீ. ஆகிவிட்டது. புராசசர் உட்காரும் உயரமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சில போர்டுகளில் இரண்டு வகைத் துளையும் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பழையதையே மாட்டுகிறவர்கள் உண்டு. துளை பொருந்தினாலும் உயரம் குறைந்த அளவுக்கு அழுத்தமும் குறையும். அது இந்தத் தம்பி படுகிற பாட்டில்தான் கொண்டுபோய் விடும். உன் கூலரின் பெயரைச் சொல்லி '1700 கிட்' என்று கேட்டுப் பார், அந்தச் சாக்கெட்டில் மாட்டுவதற்கான பாகங்கள், பல நிறுவனங்கள் தனியாகத் தருகின்றன. 2024இல் வந்த 1851 சாக்கெட்டுக்கும் அதே 78 மி.மீ. துளைதான், அதனால் அந்தக் கிட் வீண்போகாது.

நார்த்தூசி பற்றி: ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள், காற்றில் தறிகெட்டுச் சுற்றவிடாதே. எங்கள் கடற்கரைப் பக்கம் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. அலுமினிய ஃபின்னில் வெள்ளைப் பொடி பூக்கும், ஸ்குரு துருப்பிடித்துக் கழற்றும்போது தலை மழுங்கிவிடும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கேபினெட்டைச் சன்னலோரம் வைக்க வேண்டாம்.

பேச்சிப்பாறை_ரப்பர்
சனி, இரவு 8.15

டவர் கூலர் என்றதும் ஞாபகம் வந்தது. போன வருடம் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து, நிமிர்த்தி வைத்தபடியே வேனில் கொண்டுவந்தேன். கடையில் 40 டிகிரி காட்டியது வீட்டில் 80 காட்டியது. குலசேகரம் தாண்டி எங்கள் எஸ்டேட் ரோடு எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். கூலர் ஒரு பக்கம் தொங்கிப்போய் இருந்தது.

குளச்சல்_சர்வீஸ்
சனி, இரவு 8.40

நிமிர்த்தி வைத்த கேபினெட்டில் டவர் கூலர் சுவரில் அடித்த அலமாரி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். நாக்டுவா என்எச்-டி15 மாதிரி பெரியது என்றால் ஃபேனோடு சேர்த்து 1.3 கிலோ. ஒவ்வொரு குழிக்கும் அது போர்டைப் பிடித்து இழுக்கும். கொண்டுபோகும்போது கேபினெட்டைப் படுக்க வைக்க வேண்டும், போர்டு கீழே, கூலர் மேலே பார்த்து நிற்கும்படி. தூரப் பயணம் என்றால் நான் கூலரைக் கழற்றித் தனியாகத்தான் கொடுத்து அனுப்புவேன். எடை கூடிய கூலருக்குப் பின்தகடும் ஸ்குருவும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் பின்னை நம்பவே கூடாது.

தக்கலை_ஸ்டூடியோ
ஞாயிறு, மாலை 3.50

பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன், இப்போதுதான் எழுந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கழற்றியதும் அண்ணன் சொன்னபடி படம் எடுத்தேன். பேஸ்ட் தடம் கீழ் இடது மூலையில் மெல்லிசாக, உலோகம் தெரிகிற அளவுக்கு இருந்தது. ரேம் பக்கத்து மூலையில் சப்பாத்தி மாவு மாதிரி தடித்துக் கிடந்தது, அதில் கூலரின் தடம்கூடப் படவில்லை. நான் பூசியபடியே இருந்தது. இத்தனை நாள் புராசசரின் ஒரு மூலை மட்டும்தான் கூலரைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளைக் கால் வெடிக்கவில்லை, ஒரு பிளவு உள்பக்கமாக மடங்கியிருந்தது. நகத்தால் மெதுவாக வெளியே எடுத்து நேராக்கினேன். தம்பியின் பிளஸ் டூ புத்தகம் இரண்டை அடியில் வைத்து போர்டைத் தூக்கி வைத்தேன். தலைகளை அம்புக்கு எதிராகத் திருப்பி, குனிந்து நான்கு காலும் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் குறுக்காக அழுத்தினேன். இந்தத் தடவை வந்த சத்தமே வேறு. போன தடவை 'டக்', இந்தத் தடவை அதற்குப் பிறகு விரலுக்கடியில் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்தது. போர்டைத் திருப்பிப் பார்த்தால் நான்கு கறுப்பு முள்ளும் ஒரே அளவில் எட்டிப் பார்க்கிறது.

சும்மா இருக்கும்போது 37 டிகிரி. எக்ஸ்போர்ட்டில் பைய ஏறி 76இல் நின்றுவிட்டது. கிளாக் 4.0 கிகாஹெர்ட்ஸ், இறங்கவே இல்லை. 50 நிமிடம் இழுத்த அதே வீடியோ 23 நிமிடத்தில் முடிந்தது. கூலரைத் தொட்டால் இப்போது நல்ல சூடு.

குளச்சல் அண்ணனுக்கும் திங்கள்சந்தை அக்காவுக்கும் முப்பந்தல் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கோட்டாறு_77
ஞாயிறு, மாலை 6.10

சந்தோஷம் தம்பி. நான் லிக்விட் வாங்கச் சொன்னது தவறாகிவிட்டது, வாங்கியிருந்தால் உங்கள் காசு வீணாகியிருக்கும். குளச்சல் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு என்னுடைய லிக்விட் கூலரின் பம்ப் ஸ்குருவையும் போய்ப் பார்த்தேன். மூன்று முழுதாக நின்றிருந்தது, ஒன்று முக்கால் சுற்று உள்ளே போனது.

குளச்சல்_சர்வீஸ்
ஞாயிறு, இரவு 9.00

தம்பி, அந்த மடங்கிய காலை முழுதாக நம்பிவிடாதே. பிளாஸ்டிக் ஒரு முறை மடங்கினால் அந்த இடம் பலவீனம்தான், சூட்டில் தளரலாம். பத்து நாள் கழித்து வலப்பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். இந்தச் சீசன் முடிந்ததும் பின்தகடும் ஸ்குருவும் உள்ள ஒரு சின்ன டவர் கூலர் வாங்கிப் போட்டுக்கொள், 12400க்கு அதுவே தாராளம்.

தக்கலை_ஸ்டூடியோ
புதன், காலை 6.30 (பத்து நாள் கழித்து)

அண்ணா, பார்த்தேன். நான்கு முள்ளும் அப்படியே இருக்கிறது. நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடியது, 77ஐத் தாண்டவில்லை. சின்ன டவர் கூலருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். வந்ததும் ஸ்குரு முறுக்கும்போது இங்கேதான் வந்து கேட்பேன்.